மின்மினி தானாக அணையவில்லை

சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள கம்போங் குவாந்தானில் மின்மினிகள் குறைந்துபோனதற்கு யாரும் பொறுப்பில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பூச்சிகள் ஒரு வருடம் கூடும், மறு வருடம் குறையும் என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பழங்காலத்தைப் பெரிதாக்கிப் பேசுகிறார்கள் என்கிறார். குறைந்தது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் அது பருவநிலை செய்த வேலை என்கிறார். 2009-லேயே மாநில அரசு ஆற்றங்கரையைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார். கடைசியில் தமிழர்களைப் பார்த்துத் தனியாக ஒரு கேள்வி வைக்கிறார்: தோட்டங்களை விட்டு நம்மை விரட்டியபோது வாய் திறக்காதவர்களின் பூச்சிக் கவலையில் நமக்கு என்ன பங்கு?

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. மற்றவற்றை அறியாமை என்று விட்டுவிடலாம். இந்தக் கேள்வி நம் காயத்தைத் தொட்டு, அதன் வலியை வைத்தே இந்த ஆற்றின் அழிவுக்கு நம் சம்மதத்தை வாங்கப் பார்க்கிறது. அதற்கு நான் கடைசியில் வருகிறேன். முதலில் ஆற்றைப் பற்றிப் பேசவேண்டும், ஏனென்றால் கட்டுரை முழுவதிலும் ஆற்றைப் பற்றி ஒரு உருப்படியான வரி கிடையாது.

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கம் தொடங்கி, கோலா குபு பாரு, பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வழியாக வந்து, கோலா சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் சேர்கிறது. கடைசிச் சில மைல்களில் கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் மேலேறும், இறக்கத்தின்போது நன்னீர் கீழிறங்கும். இந்த இரண்டும் கலக்கும் இடத்தில்தான் பெரெம்பாங் மரம் வளர்கிறது. உப்பு அதிகமானாலும் அதற்கு ஆகாது, கடலின் மூச்சு படாத இடத்திலும் அது நிற்காது. அந்த மரத்தின் இலைகளில்தான் இரவில் மின்மினிகள் கூடுகின்றன. தெரோப்திக்ஸ் தெனர் என்று அறிவியலாளர்கள் பெயரிட்ட இனம் இது. ஒரு மரத்து ஆண் பூச்சிகள் எல்லாம் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று தடவை ஒன்றாக மின்னும். சுற்றுலாப் பயணி சாம்பானில் உட்கார்ந்து பார்ப்பது இந்தக் காட்சியைத்தான். கட்டுரையாளரும் இதை மட்டுமே பார்த்திருக்கிறார்.

ஆனால் மின்மினியின் வாழ்க்கையில் மரத்தில் மின்னும் காலம் மிகச் சிறியது, சில வாரங்கள்தான். அதற்கு முன் பல மாதங்கள் அது புழுவாக மண்ணில் வாழ்கிறது. பெண் பூச்சி முட்டையிடப் பெரெம்பாங்கை விட்டு உள்ளே போகிறது, நீப்பாவும் ரும்பியாவும் அடர்ந்து, இலைச்சருகு மக்கி, ஏற்ற நீர் வந்து வந்து ஈரமாக்கும் தரைக்கு. புழு அங்கே சில மில்லிமீட்டர் அளவுள்ள நத்தைகளைத் தின்று வளர்கிறது. தரை காய்ந்தால் நத்தை சாகும். நத்தை செத்தால் புழு சாகும். புழு செத்தால், மரம் பசுமையாக நின்றாலும் அதில் மின்ன ஒன்றும் இராது. இந்த ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டுரையாளரின் ஒவ்வொரு வாதத்தையும் பாருங்கள். ஒன்றும் நிற்காது.

பூச்சிகள் கூடும், குறையும் என்பது உண்மைதான். மழை, நிலவு, ஏற்ற நீர் எல்லாவற்றுக்கும் ஏற்ப ஒரே மரத்தில் எண்ணிக்கை மாறும். இதைக் கண்டுபிடித்தவர் கட்டுரையாளர் அல்லர். இதை மறைத்தவர்களும் யாரும் இல்லை. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2006 முதல் இந்த ஆற்றில் மாதந்தோறும் இரவுப் படம் எடுத்து, படத்திலுள்ள ஒளிப்புள்ளிகளைக் கணினியில் எண்ணிக் கண்காணிப்பதே, இப்படிப்பட்ட தற்காலிக ஏற்ற இறக்கத்தையும் உண்மையான வீழ்ச்சியையும் பிரித்துப் பார்க்கத்தான். ஒரு மாதக் குறைவை வைத்து யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. கரையோரக் காடு வெட்டப்பட்ட இடத்தில் பூச்சி திரும்பி வருவதில்லை என்பதுதான் புகார். வெட்டிய இடத்தில் எண்ணிக்கை கூடிக் குறைவது கிடையாது. அங்கே எண்ணிக்கையே கிடையாது.

இதைவிட மோசமானது அவருடைய அடுத்த அடி. 2006-க்கு முன் முறையான கணக்கு இல்லை, ஆகவே வீழ்ச்சியை நிரூபிக்க முடியாது என்கிறார். கணக்கு ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இதே ஆற்றுப் பக்கத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917-ல் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. அதன் பின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளில் ரப்பரும் செம்பனையும் ஆற்றின் இரு கரைகளையும் நெருங்கின. ஈயச் சுரங்கங்கள் மேல்பகுதியைக் குடைந்தன. கோலா குபு பாருவில் அணை 2000-களின் தொடக்கத்தில் எழுந்தது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் முதல் படம் எடுக்கப்பட்டது. அதாவது நம்மிடம் உள்ள தொடக்கக் கணக்கே அடிபட்ட ஆற்றின் கணக்கு. எண்ணாமல் விட்டவர்கள் தங்கள் அலட்சியத்தையே சாட்சியாகக் காட்டி விடுதலை கேட்கிறார்கள். எந்த நீதிமன்றமும் இதை ஏற்காது, வாசகர்களும் ஏற்கக்கூடாது.

எழுதப்பட்ட கணக்கு இல்லாத காலத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி மனிதர்கள். துடுப்புப் போட்டு நான்கு நான்கு பேராகப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகோட்டிகள், நீப்பா ஓலை வெட்டியவர்கள், இறால் பிடித்தவர்கள், இரவு வேலைக்குக் கரையோரமாகச் சைக்கிளில் போன தோட்டத் தொழிலாளிகள். எந்த வளைவில் எந்த மரம் நின்றது, எது வெட்டப்பட்டது, அதன் பின் எந்தப் பக்கம் இருட்டானது என்று அவர்களால் சொல்ல முடியும். இவர்களைத்தான் கட்டுரையாளர் பெரிதாக்கிப் பேசுபவர்கள் என்கிறார். ஏழையின் நினைவுக்கு மதிப்பில்லை, பணக்காரரின் அறிக்கைக்கு மட்டும் மதிப்பு என்ற பழக்கம் இந்த நாட்டில் பழையது. அதைத் தமிழில் எழுதியதால் அதன் அநியாயம் குறைந்துவிடாது.

பழைய நினைவை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதை டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-ல் ஒரு சிறு கட்டுரையில் தெளிவாக எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன் போனது கணக்கில் வருவதே இல்லை. இப்படி ஒவ்வொரு தலைமுறையும் சிறிது சிறிதாக இழந்து, எதையும் இழக்காதது போல நினைத்துக்கொள்கிறது. பவளப்பாறைகளில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். ஜமாய்க்காவின் பாறைகளை டெரன்ஸ் ஹியூஸ் ஆராய்ந்து 1994-ல் வெளியிட்டார். 1970-களின் கடைசியில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளமாக இருந்த பாறைகளில், 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துகூட மிஞ்சவில்லை. அங்கே சிலர் நீண்டகாலமாக எண்ணி வந்ததால்தான் அது தெரிந்தது. எண்ணாமல் இருந்திருந்தால், இன்று அங்கே முக்குளிக்கும் இளைஞர் பாசி படர்ந்த பாறையைப் பார்த்து இதுதான் இயற்கை என்று சொல்லியிருப்பார். நம் கட்டுரையாளர் கம்போங் குவாந்தானில் இன்று அதைத்தான் சொல்கிறார்.

அடுத்தது பருவநிலை. வெப்பம் கூடுவது உண்மை, கடல் உயர்வது உண்மை, சிலாங்கூர் கடற்கரையும் அதிலிருந்து தப்பாது. ஆனால் எல்லா அழிவுக்கும் பருவநிலையைக் காட்டுவது அண்மைக்காலத்தில் வசதியான தப்பிக்கும் வழியாகிவிட்டது. வானத்தின் மேல் வழக்குப் போட முடியாது, ஆகவே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று தருகிறேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேஸ்வரம் வரை 21 தீவுகள் இருந்தன. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. கேட்பவருக்கு உடனே கடல்மட்டம் உயர்ந்ததுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றி அரணாக நின்ற பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் பல பத்தாண்டுகளாக வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பாறை போனதும் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை, மணல் கரைந்தது. கடல் உயர்வு அதற்கு மேல் வந்த சுமை. முதல் வெட்டு மனிதனுடையது.

சிலாங்கூர் ஆற்றிலும் முதல் வெட்டு எங்கே விழுந்தது என்று பார்க்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. பெரெம்பாங்கின் பின்னால் பத்து இருபது அடி நடந்து பாருங்கள். எங்கே நீப்பாவும் ரும்பியாவும் போய் செம்பனை கரைவரை வந்திருக்கிறதோ, எங்கே இறால் குளம் தோண்டியிருக்கிறார்களோ, எங்கே கரையை உயர்த்தி மண்ணணை போட்டு ஏற்ற நீரைத் தடுத்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் தரை காய்ந்து கிடக்கிறது. செம்பனையின் அடியில் களைக்கொல்லி அடித்துப் புல் பூண்டு இல்லாமல் வைத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் நத்தை வாழாது. இதைச் செய்தது பருவநிலை அல்ல. ஒவ்வொரு ஏக்கருக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார், அதற்கு ஓர் அனுமதி இருக்கிறது, அனுமதியில் ஒரு கையெழுத்து இருக்கிறது.

ஆற்று நீரின் கதையும் அப்படித்தான். 1990-களின் கடைசியில் கோலா குபு பாருவில் சிலாங்கூர் அணையைக் கட்டத் திட்டம் வந்தபோது மலேசிய இயற்கைக் கழகமும் வேறு பல அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. நன்னீர் வரத்து குறைந்தால் உப்பு மேலேறும், பெரெம்பாங்கும் மின்மினியும் அடிபடும் என்று அன்றே சொன்னார்கள். அணை கட்டப்பட்டது. 110 மீட்டர் உயரம், 23 கோடி கன மீட்டர் நீர். மின்மினிகளுக்குப் போதுமான நீர் திறந்துவிடப்படும் என்ற உறுதிமொழியோடு அது வந்தது. உறுதிமொழி என்பது மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் சுலபமானது. 2014-இன் முற்பகுதியில் அணை நீர் வற்றி, சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் வீடுகளுக்குத் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. அப்படிப்பட்ட மாதங்களில் கழிமுகத்துக்கு எவ்வளவு மிஞ்சும், உப்பு எவ்வளவு தூரம் மேலேறும் என்று கட்டுரையாளர் ஒரு வரி யோசித்திருக்க வேண்டும். சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவற்றின் குடிநீரில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இவ்வளவு சுமக்கும் ஆற்றின் வாயில் நடக்கும் மாற்றத்துக்குப் பொறுப்பாளர் இல்லை என்று சொல்ல ஆற்றையே பார்க்காமல் இருக்கவேண்டும்.

சரி, 2009-ல் பாதுகாப்பு வட்டாரம் அறிவிக்கப்பட்டதே? ஆம், சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டது. அது நல்ல வேலை, அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் இன்று இருப்பதும் இருந்திராது. ஆனால் அறிவிப்பு வரைபடத்தில் போட்ட ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தனியார் நிலங்கள் இருக்கின்றன. கோடு மேலிருந்து வரும் கழிவைத் தடுக்காது. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் குழாய் காய்ந்தது. அன்று கோலாலம்பூர் முழுவதும் கொதித்தது. அதே கழிவு கீழே ஓடிக் கழிமுகத்துக்கு வந்தபோது நத்தைக்கும் புழுவுக்கும் என்ன ஆயிற்று என்று கேட்க யாரும் வரவில்லை.

சட்டம் போட்டுவிட்டதால் கவலை தீர்ந்தது என்பவர்கள் ஜப்பானின் மோரியாமாவைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஷிகா மாநிலத்து ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மின்மினியை ஆயிரக்கணக்கில் பிடித்து, கியோட்டோ, ஒசாகா, டோக்கியோ நகரங்களின் விடுதித் தோட்டங்களுக்கு விற்பது ஒரு தொழிலாக இருந்தது. 1924-ல் அரசு அந்த இடத்து மின்மினிகளை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. அறிவித்த பின்னும் ஆற்று நீர் கெட்டது, கரை மாறியது. சில பத்தாண்டுகளில் மின்மினி அங்கே இல்லாமல் போனது. அறிவிப்பால் அதைத் தடுக்க முடியவில்லை. பிறகு ஊர்மக்கள் நீரைத் தூய்மையாக்கி, புழுவை வளர்த்துவிட்டு, மிகுந்த பாடுபட்டுச் சிறிது மீட்டார்கள். நம் மின்மினி அந்த இனம் அல்ல. நம் மின்மினியின் புழு வாழ ஏற்ற இறக்கமுள்ள கழிமுகம் வேண்டும். அதைத் தொட்டியில் வளர்த்து ஆற்றை நிரப்பலாம் என்று எண்ணுபவர்கள் முதலில் கரையைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

கரைக்கு அப்பால் விளக்குகளும் இருக்கின்றன. மின்மினி ஒளியால் ஒன்றையொன்று தேடுகிறது. சுற்றிலும் வெள்ளை ஒளி பாய்ந்தால் ஆண் மின்னுவது பெண்ணுக்குத் தெரியாது, இணைசேர்வது நின்றுபோகும். உலகெங்குமுள்ள மின்மினி ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு சாரா லூயிஸ் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வாழிட அழிவு முதல் காரணமாகவும், செயற்கை ஒளியும் பூச்சிக்கொல்லியும் அடுத்தவையாகவும் வந்தன. நம் நாட்டு ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். நம் ஆற்று மின்மினியை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழிவை நோக்கிப் போகக்கூடிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதே சிலாங்கூரில் 2010-ல் உலக மின்மினி அறிஞர்கள் கூடி, மின்மினிப் பாதுகாப்புக்கான சிலாங்கூர் பிரகடனம் என்று நம் மாநிலத்தின் பெயரிலேயே ஓர் அறிக்கையை வெளியிட்டுப் போனார்கள். கட்டுரையாளர் எழுதுவதற்கு முன் அதை மட்டுமாவது படித்திருக்கலாம்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நான் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். லயத்து வீடு போனதும், கோயிலை இடம் மாற்றச் சொன்னதும், பள்ளிக்கூடம் பிள்ளையில்லாமல் ஆனதும் எனக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல. ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்க இவருக்கு உள்ள உரிமையை நான் மறுக்கவில்லை. அவர் தரும் விடையை மறுக்கிறேன்.

தோட்டத் தமிழரை விரட்டியதும் மின்மினியை விரட்டியதும் இரண்டு வேறு கைகள் என்று அவர் எண்ணுகிறார். ஒரே கைதான். நிலத்தில் இருப்பவரைக் கேட்காமல் நிலத்தின் கதியை முடிவு செய்யும் கை அது. பத்தாங் பெர்ஜுந்தைக்கும் புக்கிட் தாகாருக்கும் இடையே மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று ஐந்து தோட்டங்கள். அங்கே பல தலைமுறை உழைத்த குடும்பங்கள், தோட்டம் கைமாறிய பிறகு ஒரு சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு நிலம் கேட்டுக் காத்திருந்த காலத்திலேயே, 2005-ல், புக்கிட் தாகாரில் கோலாலம்பூர் குப்பைக்கு நிலம் கிடைத்துவிட்டது. மேலே கோலா குபு பாருவில் அணைக்காக கெராச்சி, பெரெத்தாக் கிராமங்களின் தெமுவான் பூர்வகுடிகள் தங்கள் முன்னோர் நிலத்தைவிட்டு நகர்த்தப்பட்டார்கள். கீழே கம்போங் குவாந்தானில் படகோட்டியின் மரம் போனது. இந்த மூன்று பேரில் ஒருவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மூன்று பேரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தவேண்டிய இடத்தில், தமிழரை மட்டும் பிரித்து மறுபக்கம் நிற்கச் சொல்கிறார் இவர்.

களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைத் தோட்டங்களில் முதுகில் தொட்டியைச் சுமந்து பாராகுவாட் அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் உரிந்து, மூக்கில் இரத்தம் வடிந்து, கண் எரிந்து அவர்கள் வேலை செய்ததை ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு 2002-ல் அறிக்கையாக வெளியிட்டது. அந்த ஆண்டே அரசு தடை அறிவித்தது. 2006-ல் தோட்ட முதலாளிகளின் நெருக்குதலுக்கு இணங்கித் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1-ல்தான் முழுத்தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை தொட்டி மருந்து எத்தனை பெண்களின் தோலில் வழிந்தது! அந்தப் பெண்ணின் உடம்பில் பட்ட மருந்துதான் கரையோர மண்ணிலும் விழுந்தது. மண்ணைக் காப்பாற்றியிருந்தால் அவளையும் காப்பாற்றியிருப்போம். மின்மினிக்காகப் பேசுவது தோட்டத் தொழிலாளிக்கு எதிரானது என்று எழுத, அந்தத் தொட்டியை ஒரு நாளும் சுமக்காதவரால்தான் முடியும்.

மக்களுக்குத் தண்ணீர் வேண்டாமா என்றும் அவர் கேட்கிறார். வேண்டும். அதனால்தான் 1990-களிலேயே அணைக்கு முன் ஒழுகும் குழாய்களைச் சரிசெய்யுங்கள் என்று சொல்லப்பட்டது. சுத்திகரித்த பின் கணக்கில் வராமல் போகும் நீர் இன்றும் சிலாங்கூரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. குழாயில் ஒழுகும் இந்த நீரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், ஆற்றின் கடைசி மைலில் ஓடும் நீரை மட்டும் வீண் என்று கணக்கிடுவது நேர்மையல்ல.

சுற்றுலா வருமானம் இருக்கும்வரை மின்மினியை யாரும் அழியவிட மாட்டார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். தாய்லாந்தின் அம்பாவாவில் நடந்தது இதற்குப் பதில். அங்கே மின்மினி பார்க்க வந்த இயந்திரப் படகுகளின் இரைச்சலும் அலையும் தாங்காமல், கரையில் குடியிருந்தவர்கள் சிலர் மின்மினி மரங்களையே வெட்டிப்போட்டார்கள். வருமானம் ஒருவருக்கும் தொல்லை இன்னொருவருக்கும் போனால் அப்படித்தான் முடியும். கம்போங் குவாந்தானில் துடுப்புச் சாம்பான் இன்றும் ஓடுவது அந்தக் கிராமத்தவர்களின் கட்டுப்பாட்டால். அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் படகோட்டியால் தன் படகை அமைதியாக ஓட்டத்தான் முடியும். மரத்துக்குப் பின்னாலுள்ள நிலத்தின் உரிமை அவரிடம் இல்லை.

ஆகவே மாநில அரசிடம் கேட்கவேண்டியதைக் கேட்போம். பெரெம்பாங் வரிசைக்குப் பின்னால் மின்மினிப் புழு வாழும் ஆழம்வரை உள்ள நிலத்தில் இனி ஒரு மரம் வெட்டவோ, குளம் தோண்டவோ, மண்ணணை உயர்த்தவோ அனுமதி கொடுக்கக்கூடாது. தனியார் நிலமாக இருந்தால் நியாயமான விலை கொடுத்து வாங்கவேண்டும். வறட்சி மாதங்களில் கழிமுகத்துக்குத் திறந்துவிடும் நீரின் அளவை நாள்தோறும் வெளியிடவேண்டும். 2006 முதல் எடுத்த கணக்கு முழுவதையும் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஊர்மக்கள் படிக்கும்படி ஆண்டுதோறும் போடவேண்டும். கரையை நோக்கிய விளக்குகளைக் கவிழ்த்து மங்கலாக்க நகராண்மைக் கழகத்துக்கு ஒரு உத்தரவு போதும்.

கோலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம் பகுதித் தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விழாவுக்கோ வரும்போது, ஆற்றங்கரை நிலத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை அனுமதி கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை விடாதீர்கள்.